வாசகர் கேள்வி பதில்: பூங்காத் தரையில் டாங்கோ

டாங்கோ என்னும் இணை ஆட்டத்தைப் பற்றிப் பள்ளத்தூர் வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் வெளியிட்டு, இடமின்மையால் பதிலை இந்த இதழுக்கு ஒத்திவைத்திருந்தோம். அதைப் படித்துவிட்டுக் காரைக்குடி, அரியக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, கோட்டையூர் ஆகிய ஊர்களிலிருந்தும் அதே பொருளைக் குறித்துக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தைக் கற்றுவருபவள் என்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கக் கேட்டுப் பெற்றிருக்கிறேன்.

கேள்வி: மகள் வீட்டுக்கு நியூயார்க் சென்றிருந்தபோது, கோடைக்காலச் சனிக்கிழமை மாலை ஒன்றில், சென்ட்ரல் பூங்காவில் ஷேக்ஸ்பியர் சிலையைச் சுற்றிப் பலர் இணை இணையாக ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மேடை இல்லை, கட்டணம் இல்லை, வேடிக்கை பார்ப்பவர்களை அவர்கள் பொருட்படுத்தவும் இல்லை. அது டாங்கோ என்று மகள் சொன்னாள். திரைப்படங்களில் நான் கண்ட டாங்கோவில் பெண்ணைத் தூக்கிச் சுழற்றுவார்கள். இங்கே வெறுமனே நடந்தார்கள். இவற்றுள் எது உண்மையான டாங்கோ?
(வாசகி, பள்ளத்தூர்)

பதில்: நீங்கள் பூங்காவில் பார்த்ததுதான் டாங்கோ. திரைப்படத்தில் வருவது மேடைக்கென்று அமைந்த வடிவம். ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணுக்கும் எட்டும்படி கையையும் காலையும் வீசி ஆடுவது. பூங்காவில் ஆடுகிறவர்கள் தம் இணைக்காக ஆடுகிறார்கள் என்பதால், அதன் அழகில் பெரும்பகுதி வெளியே நிற்பவருக்குத் தெரிவதே இல்லை. ஒருவருடைய மார்பின் சிறு திருப்பத்தை மற்றவர் உணர்ந்து, இருவரும் ஒரே கணத்தில் உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, இசையின் அடிக்கு இசைந்து நடப்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். 'வெறுமனே நடந்தார்கள்' என்று நீங்கள் எழுதியது மிகச் சரியான வருணனை. அந்த நடையை ஒழுங்காக நடக்கவே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

இது 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ரியோ டி லா பிளாட்டா ஆற்று முகத்துவாரத்தின் இரு கரைகளிலும் உள்ள அர்ஜென்டினாவின் புவனோஸ் அய்ரஸ், உருகுவேயின் மான்டிவிடியோ ஆகிய நகரங்களின் எளிய மக்கள் குடியிருப்புகளில் உருவாயிற்று. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள், உள்நாட்டுப் புல்வெளிகளிலிருந்து நகருக்குள் வந்த மாடு மேய்ப்பவர்கள் ஆகியோரின் தாளமும் பாட்டும் அங்கே கலந்தன. மூன்றாண்டுக் கணக்கில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய், தொழில் செய்து தங்கிய கிட்டங்கியில் குடும்பத்தைப் பிரிந்து கிடந்த பாட்டையாக்களின் கடிதங்கள் இன்னும் பெட்டகத்தில் இருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அந்த இசையின் ஏக்கம் அந்நியமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து விண்ணப்பித்ததன் பேரில், 2009-இல் யுனெஸ்கோ டாங்கோவை மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

திறந்தவெளியில் ஆடும் வழக்கம் நியூயார்க்குக்கு மட்டும் உரியதன்று. புவனோஸ் அய்ரஸில் பெல்கிரானோ பகுதியின் மேட்டுப் பூங்காவில், இசைக்குழு வாசிப்பதற்கென்று கட்டிய வட்ட மண்டபம் ஒன்று உண்டு. கூரை இருக்கும், சுவர் இருக்காது. மாலை வேளைகளில் அங்கே யார் வேண்டுமானாலும் ஏறி ஆடலாம். அதே நகரின் சான் டெல்மோ பகுதியில் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை கலைந்த பிறகு, டொரேகோ சதுக்கத்தில் ஆடுவார்கள். பாரிஸில் சேன் ஆற்றின் இடது கரையில், நீரை நோக்கி இறங்கும் சிறு அரைவட்டப் படிக்கட்டு அரங்குகள் கோடை மாலைகளில் ஆடுகளங்களாகிவிடுகின்றன. அங்கே நான் ஒரு முறை ஆடியிருக்கிறேன். ஆற்றில் படகு கடந்த சிறிது நேரத்தில் அலை வந்து கரைக்கல்லில் மோதும் ஓசை இசைக்கு நடுவே கேட்டது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

கேள்வி: முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் பொது இடத்தில் அணைத்துக்கொண்டு ஆடுவது எப்படி முறையாகும் என்று என் தம்பி கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒருவரை ஆட அழைப்பதும், விருப்பமில்லை என்று மறுப்பதும் எவ்வாறு நடக்கின்றன?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி)

பதில்: உங்கள் தம்பியின் கேள்வி நியாயமானது, டாங்கோவைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே என்பேன். ஆட்டத்தின் அடிகளைக் காட்டிலும், அந்த ஆட்டத்தைச் சூழ்ந்திருக்கும் மரியாதை விதிகளைக் குறித்தே எனக்குப் பெருமிதம் அதிகம்.

டாங்கோ ஆடக் கூடும் நிகழ்வுக்கு மிலோங்கா என்று பெயர். அங்கே வாய்விட்டு அழைப்பது வழக்கமில்லை. ஆட விரும்புகிறவர் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். அவரும் பார்வையை விலக்காமல் இருந்தால் மெல்லத் தலையசைப்பார். பதிலுக்குத் தலையசைப்பு வந்தால்தான் எழுந்து செல்வார். இதற்குக் கபெசேயோ என்று பெயர். விருப்பமில்லாதவர் வேறு பக்கம் பார்த்தால் போதும். கேட்டதும் மறுத்ததும் அவ்விருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே கேட்டவருக்கு அவமானம் இல்லை, மறுத்தவருக்குச் சங்கடம் இல்லை. ஆணும் பெண்ணும் சமமாகப் பார்க்க வேண்டியிருப்பதால், இதில் தேர்ந்தெடுக்கும் உரிமை இருவருக்கும் உண்டு. அழைத்தவர் எதிரே வந்து நிற்கும்வரை மற்றவர் இருக்கையை விட்டு எழமாட்டார். அந்தத் தலையசைப்பு பக்கத்து இருக்கைக்காரருக்கு உரியதாகவும் இருக்கக்கூடும் அல்லவா! பூங்காவில் ஆட்கள் சிதறி நிற்பதாலும் இருட்டிவிடுவதாலும் இது சில வேளைகளில் தளர்ந்து, பணிவாக வாயால் கேட்பதும் நடக்கிறது. ஆனால் ஏற்கவும் மறுக்கவும் உள்ள உரிமை அங்கேயும் அப்படியே இருக்கிறது.

சேர்ந்து ஆடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே இசைக்குழுவின் மூன்று அல்லது நான்கு பாட்டுகளைத் தொடுத்து ஒரு டாண்டா என்பார்கள். பெரும்பாலானவை நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளில் பதிவானவை. அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பதிய முடியும் என்பதால், டாண்டா பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்து, டாங்கோவுக்குத் தொடர்பில்லாத வேறோர் இசைத் துணுக்கு அரை நிமிடம் ஒலிக்கும். அதற்குக் கொர்த்தினா என்று பெயர். அச்சொல்லுக்குத் திரைச்சீலை என்று பொருள். அது ஒலித்ததும் எல்லா இணைகளும் பிரிந்து தத்தம் இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒருவரோடு ஆடியதால் அடுத்த சுற்றுக்கும் அவரோடு ஆட வேண்டும் என்ற கடமை எழாதபடி, அந்தத் திரைச்சீலை ஒவ்வொருவரையும் விடுவித்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. டாண்டாவின் நடுவில் 'நன்றி' என்று சொன்னால், 'இத்தோடு நிறுத்திக்கொள்வோம்' என்று பொருள். நான் கற்கத் தொடங்கிய காலத்தில் ஒருவர், நான் விரும்பிய இடைவெளியைக் குறைத்து அணைப்பை இறுக்கினார். இரண்டாம் பாட்டு முடிந்ததும் 'நன்றி' என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. என்னை இருக்கைவரை கொண்டுவந்து விட்டுச் சென்றார். ஒரே சொல்லால் ஒரு பெண் தன்னை விலக்கிக்கொள்ள முடிகிற ஏற்பாட்டை, முறையற்றது என்று எப்படிச் சொல்வது? நான் அறிந்த எத்தனையோ மரியாதைக்குரிய கூட்டங்களில் பெண்களுக்கு அந்த வசதி இல்லை.

அணைப்பிலும் நெருங்கியது, திறந்தது என இரண்டு வகை உண்டு. திறந்த அணைப்பில் இருவருக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருக்கும். ஒருவருடைய கை மற்றவர் தோள்பட்டையின் பின்புறத்தில் பதியும், மறு கைகள் பக்கவாட்டில் கோத்திருக்கும். நம் ஊரில் தொடங்குகிறவர்கள் திறந்த அணைப்போடும், ஏற்கெனவே பழகியவர்களோடும் தொடங்குவதே நல்லது. ஊரார் பார்வைக்கு அஞ்சி இதைச் சொல்லவில்லை. கற்கும்போது தன் காலைத் தானே தேடிக் கண்டுபிடிக்க அந்த இடைவெளி உண்மையாகவே உதவுகிறது.

கேள்வி: நான் வாய்ப்பாட்டுக் கற்கும் மாணவன். முன்கூட்டி வகுக்காமல் இருவர் எப்படிச் சேர்ந்து ஆட முடியும்? ஆர்மோனியம் போல ஒலிக்கும் அந்தக் கருவி எது?
(வாசகர், அரியக்குடி)

பதில்: ராமானுஜ அய்யங்கார் பிறந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் மனோதர்மம் என்ற ஒரு சொல்லிலேயே விடையைத் தொடங்கிவிடலாம். ராகத்தின் இலக்கணத்துக்குள் நின்றுகொண்டு, அடுத்த சங்கதி எதுவென்று பாடகர் அந்த நேரத்தில் முடிவு செய்வதைப் போல, டாங்கோவில் இணையை நடத்துபவர் அடுத்த அடியை அந்த நேரத்தில் முடிவு செய்கிறார். முன் அடி, பின் அடி, பக்க அடி, ஒரு காலை ஊன்றி உடலைத் திருப்புவது, அசையாமல் நிற்பது ஆகியவையே மூலப்பொருள்கள். அவரைத் தொடர்ந்து ஆடும் இணையான தொடர்பவரின் கால் தரையில் எட்டு என்ற எண்ணை வரைவது போலத் திரும்பித் திரும்பிச் செல்வதை ஓச்சோ என்பார்கள். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கே எட்டு என்றுதான் பொருள். தொடர்பவர் வெறுமனே இழுபடுகிறவர் என்று எண்ணிவிட வேண்டாம். பக்கவாத்தியக்காரர் ஓர் இடத்தைக் கொஞ்சம் இழுத்தால் பாடகர் அதற்கு இடம் கொடுப்பதைப் போல, தொடர்பவர் ஓர் அடியைத் தாமதித்தால் நடத்துபவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

கும்மியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கும்மியில் அனைவரும் வட்டத்தின் நடுவை நோக்கி ஒரே அடியை ஒரே நேரத்தில் இடுகிறார்கள். மிலோங்காவில் எல்லா இணைகளும் ஒரே வட்டத்தில் செல்கின்றன. ஆனால் ஒவ்வோர் இணையும் தனக்கென்று வேறு அடியை இடுகிறது. அந்த வட்டம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், அதாவது நாம் கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிராகச் சுழலும். முதல் சில வாரங்கள் என் கால்கள் பழக்கத்தால் மறுபக்கமே திரும்பின. முன்னால் செல்லும் இணையை முந்துவதும், பின்னால் இருப்பவரைப் பார்க்காமல் ஓர் அடி பின்வாங்குவதும் பெரிய தவறுகள். நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கலன்று நூற்றுக்கணக்கான பானைகள் வரிசையாகக் கொதிக்கும்போது, பக்கத்து அடுப்பின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே தன் பானையைக் கவனிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது விரைவில் கைவந்துவிடும்.

நீங்கள் கேட்ட கருவி பந்தோனியோன். ஆர்மோனியத்தைப் போலவே இதிலும் துருத்திக் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்கிறது. ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரைச் சேர்ந்த ஹைன்ரிஷ் பாண்ட் என்பவரின் பெயரால் அப்பெயர் பெற்று, குடியேறியவர்களோடு கப்பலில் புவனோஸ் அய்ரஸுக்குப் போய்ச் சேர்ந்தது. டாங்கோ வாசிப்பவர்கள் பயன்படுத்தும் வகையில் 71 பொத்தான்கள் உண்டு. ஒரே பொத்தான் துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரத்தையும் மூடும்போது வேறொரு சுரத்தையும் தருவதால், கற்பதற்குக் கடினமான கருவி அது. 1935 முதல் 1955 வரையிலான காலத்தை ஆட்ட இசையின் பொற்காலம் என்பார்கள். தாள மன்னர் என்று பெயர் பெற்ற ஹுவான் தாரியென்சோவின் குழுவில் அடி மிருதங்கச் சொல்லைப் போலத் தெறிக்கும். கார்லோஸ் தி சார்லியின் குழு பெரும் வயலின் வரிசையோடு நிதானமாகச் செல்லும். தொடக்கத்தில் தி சார்லியைக் கேளுங்கள். அந்த நிதானத்தில் அடுத்த அடியை யோசிக்க நேரம் கிடைக்கும்.

கேள்வி: எனக்கு அறுபது வயது கடந்துவிட்டது, இடது முழங்காலில் வலி உண்டு. பூங்காவின் கல்தரையில் ஆடலாமா, அல்லது எங்கள் வளவில் உள்ள ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆடுவதே நல்லதா?
(வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: சந்தேகமே வேண்டாம், உங்கள் வீட்டுத் தரைதான். டாங்கோவில் முழங்காலுக்கு வரும் ஆபத்து குதிப்பதால் வருவதன்று, அதில் குதித்தலே இல்லை, திரும்புவதால் வருகிறது. ஊன்றிய பாதம் தரையைப் பற்றிக்கொண்டு நகர மறுக்க, மேலுடல் மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்கால் மூட்டில் விழும். சொரசொரப்பான சிமெண்டும், ரப்பர் அடிவைத்த காலணியும் சேர்ந்தால் நிச்சயம் இதுதான் நடக்கும். பூங்காக்களில் ஆடிப் பழகியவர்கள் அங்கே திருப்பங்களைக் குறைத்துக்கொண்டு நடையையே மிகுதியாக ஆடுவார்கள். திரும்ப வேண்டிய இடத்தில் பாதத்தைத் தேய்க்காமல் தூக்கி வைப்பார்கள். சிலர் காலணியின் முன்பாதப் பகுதியில் வழுவழுப்பான ஒட்டுநாடாவை ஒட்டிக்கொள்வதும் உண்டு. நல்ல தோல் அடியுள்ள ஆட்டக் காலணியைக் கல்தரைக்கு எடுத்துச் சென்றால் அது சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை; கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் உள்ளூர் மணலும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழுவழுப்பே கல்லின் முகத்தில் படிகிறது. பல ஆண்டுகள் மக்கள் நடந்த தடத்தில் அது மேலும் மெருகேறுகிறது. உலகில் எத்தனையோ நடனக் கூடங்கள் விலை கொடுத்து அமைக்கும் தரை, உங்கள் வளவில் பாட்டனார் காலத்திலிருந்தே கிடக்கிறது. தண்ணீர் சிந்தியிருந்தால் மட்டும் துடைத்துவிட்டு ஆடுங்கள். ஆடுவதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் முழங்காலைக் காட்டி அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதியவர்களுக்கு இது பொருந்துமா என்ற தயக்கமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேடலின் ஹாக்னி, கேமன் எர்ஹார்ட் ஆகியோர், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டாங்கோ கற்பித்து, அவர்களுடைய உடற்சமநிலை மேம்பட்டதை 2007-இல் வெளியிட்டார்கள். அது சிறிய குழுவைக் கொண்டு செய்த தொடக்க ஆய்வுதான். ஆயினும் பின்னோக்கி நடப்பது, நின்று மீண்டும் தொடங்குவது, ஒற்றைக் காலில் எடையைத் தாங்குவது ஆகிய மூன்றும் இந்த ஆட்டத்தில் இடைவிடாமல் வருவதை எண்ணினால், அந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

கேள்வி: நண்பர்கள் ஏழெட்டுப் பேர் காணொளிகளைப் பார்த்து ஓரளவு கற்றிருக்கிறோம். காரைக்குடியில் ஒரு பொதுப் பூங்காவில் வாரம் ஒருமுறை ஆட விரும்புகிறோம். யாரிடம் கேட்க வேண்டும்? எதிர்ப்பு வந்தால் என்ன செய்வது?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: பூங்கா மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தால், அந்த அலுவலகத்தில் நாள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, இடம் ஆகியவற்றைக் குறித்து எழுத்து வடிவில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். 'சிறிய கூட்டம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்று விட்டுவிடாதீர்கள். யாராவது ஒருநாள் கேட்கும்போது கையில் ஒரு தாள் இருப்பது, குறிப்பாக உங்களோடு வரும் பெண்களுக்கு, பெரிய பாதுகாப்பு. ஒலிபெருக்கிக்கும் தனியே அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல் என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர்வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். நான் ஒலிபெருக்கியே வேண்டாம் என்பேன். மின்கலத்தில் இயங்கும் கையடக்க ஒலிப்பெட்டி ஒன்றை வட்டத்தின் நடுவில் வைத்தால் ஏழெட்டுப் பேருக்குப் போதும். ஆடுகிறவர்களுக்கு மட்டும் கேட்கும் இசை யாரையும் பகைத்துக்கொள்ளாது.

நேரத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மாலை ஐந்து முதல் ஏழு மணிவரை பூங்கா, நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்கும் ஊஞ்சலுக்கு வரும் குழந்தைகளுக்கும் உரியது. செம்மண் பூமியின் வெயிலில் பகல் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் காற்று. அவர்கள் நடக்கும் பாதையை ஒருபோதும் மறிக்காதீர்கள். ஓர் இணைக்கு இரண்டு மீட்டர் சதுரம் என்று கணக்கிட்டால், நான்கு இணைகளுக்கு ஒரு சிறிய மூலை போதும். விளக்கு இருக்குமானால் ஏழு மணிக்குப் பிறகு, இல்லையென்றால் ஞாயிறு விடியற்காலையில் ஆடுங்கள். விடியற்காலையில் கல்தரையும் குளிர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தரையில் ஆடவே கூடாது.

எதிர்ப்பு வரத்தான் செய்யும். வந்தவரிடம் வாதாடாமல், இசையை நிறுத்திவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். நிறுத்தும்படி அவர் கேட்டுக்கொண்டால் அந்த நாளில் நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் திரும்பி வாருங்கள். வேடிக்கை பார்ப்பவர் ஒளிப்படமோ காணொளியோ எடுத்தால், அதில் இருப்பவர்களின் இசைவின்றி வெளியிட வேண்டாம் என்று உடனே, தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குழுவுக்குள்ளும் அதே விதி இருக்க வேண்டும். சிறிய ஊரில் ஒரு பெண்ணின் படம் அவளுக்குத் தெரியாமல் கைபேசிக்குக் கைபேசி பரவினால், அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். அவளைப் பார்த்து வர நினைத்த இன்னும் நான்கு பேரும் வரமாட்டார்கள்.

காணொளியிலிருந்து அடியைக் கற்கலாம். எடை மாற்றத்தைக் கற்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சென்னையிலோ பெங்களூரிலோ ஆசிரியர் ஒருவரிடம் சென்று திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு இதில் நாட்டமில்லை. நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஆடலாமா?
(வாசகி, கோட்டையூர்)

பதில்: தாராளமாக ஆடலாம். டாங்கோவின் தொடக்கக் காலத்தில் ஆண்கள் ஆண்களோடு பயிற்சி செய்த பிறகே ஆடுகளத்துக்கு வந்தார்கள். இன்றைக்குப் பெண்கள் நடத்துவதும் ஆண்கள் தொடர்வதும் பல நகரங்களில் இயல்பாக நடக்கின்றன. முதல் மாதம் திருப்பம் எதுவும் வேண்டாம். ஒருவர் மற்றவரின் முழங்கைகளுக்குக் கீழே தன் கைகளைத் தாங்கலாக வைத்துக்கொண்டு, தாழ்வாரத்தின் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை, இசையின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு காலடி வீதம் நடங்கள். பின்னோக்கி நடப்பவர் காலை இடுப்பிலிருந்து நீட்டட்டும், முன்னோக்கி வருபவர் அந்தக் கால் தரையில் படும்வரை பொறுத்திருக்கட்டும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நடத்துபவரும் தொடர்பவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள்.